மூடிக்கிடந்த ஆலையின் விஸ்கிக்கு ஏன் இந்த விலை? ப்ரோரா, க்ளைன்லீஷ் கதை

கேள்வி இதுதான்: "ப்ரோரா என்ற ஸ்காட்ச் விஸ்கி ஒரு பாட்டில் லட்சக்கணக்கில் போகிறது. அது மூடிப்போன ஆலை என்கிறார் ஒருவர். இல்லை, திறந்துவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். ப்ரோராவும் க்ளைன்லீஷும் ஒன்றுதான் என்று மூன்றாவது ஆள் சொல்கிறார். எது சரி? அப்படி என்ன இருக்கிறது அதில்? குடித்துப் பார்க்க நமக்கு வழி உண்டா?"

மூன்று பேர் சொன்னதும் சரி. 1819-இல் கட்டிய ஒரு வடிசாலைக்குச் சுமார் 150 வருடம் க்ளைன்லீஷ் என்றுதான் பெயர். 1960-களின் கடைசியில் அதற்குப் பக்கத்திலேயே பெரிதாக ஒரு புது ஆலை கட்டினார்கள். க்ளைன்லீஷ் என்ற பெயர் புதிய ஆலைக்குப் போய்விட்டது. பழையதுக்கு, அது இருக்கும் ஊரின் பெயரையே வைத்து ப்ரோரா என்றார்கள். 1983-இல் ப்ரோராவை மூடினார்கள், 2021-இல் மறுபடி திறந்தார்கள். க்ளைன்லீஷ் இன்றுவரை ஓடுகிறது.

ஏன் இந்த விலை என்பதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த ஆலையைப் பற்றிப் பல வருடமாகப் படித்து வருகிறேன். எனக்குப் புரிந்தவரை, ப்ரோராவை ப்ரோரா ஆக்கிய விஷயங்களில் முக்கியமானவை எதையும் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

முதலில் இடம். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், சதர்லாந்து என்ற பகுதியில் இருக்கிறது ப்ரோரா. சதர்லாந்து என்றால் 'தென்னிலம்'. நாட்டின் வடகோடியில் இருக்கும் சீமைக்கு அப்படி ஒரு பெயர். அதற்கும் வடக்கே ஆர்க்னி தீவுகளில் குடியிருந்த, ஸ்காண்டிநேவியாவில் இருந்து வந்த நார்ஸ் மக்களுக்கு அது தெற்கே இருந்ததால் வந்த பெயர் அது. ப்ரோரா என்பதும் அவர்கள் வைத்ததுதான், 'பாலத்து ஆறு' என்று பொருள்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சீமையில் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. நம் ஊர் ஜமீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அளவில் மிகப் பெரியது. சதர்லாந்து சீமாட்டி எலிசபெத்துக்குப் பரம்பரையாக வந்த நிலம் அது. அவருடைய கணவர், இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஸ்டாஃபோர்டு பிரபு. 1833-இல் அவருக்குச் சதர்லாந்து கோமகன் என்ற பட்டம் கிடைத்தது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் கேலிக் மொழி பேசும் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தும் சிறிதாக வெள்ளாமை செய்தும் வாழ்ந்து வந்தார்கள். அவர்கள் கட்டிய நிலவாடகையைவிட, அதே நிலத்தைச் செவியட் ஆடு வளர்க்கும் பெரிய குத்தகைக்காரர்களுக்கு விட்டால் வரும்படி பல மடங்கு. அதனால் குடிகளை எழுப்பிக் கடற்கரைக்குத் தள்ளினார்கள்.

எழுப்பினார்கள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். நடந்தது என்னவென்றால், வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து குடியேறாமல் இருக்கக் கூரை மரங்களைப் பிடுங்கி எரித்தார்கள். அந்த ஊர்களில் கூரைக்கு நல்ல மரம் கிடைப்பதே அரிது. 1814-இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் நடந்த வெளியேற்றத்துக்காக பேட்ரிக் செல்லர் என்ற ஜமீன் காரியஸ்தர் மேல் வழக்கே நடந்தது. 1816-இல் இன்வர்னெஸ் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கில்டோனன் பள்ளத்தாக்கில் இருந்து ஒரு கூட்டம் 1813-இல் கப்பலேறி, கனடாவில் சிவப்பு ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. மிஞ்சியவர்களுக்குக் கரையோரத்தில் துண்டு நிலம் கொடுத்து, மீன் பிடி, பயிர் வை என்றார்கள். வெளியேற்றம் உச்சத்தில் இருந்த வருடங்களில் ஒன்று 1819. அதே வருடம்தான் க்ளைன்லீஷ் வடிசாலை எழுந்தது.

இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தது தற்செயல் அல்ல. கரையில் குடியேறியவர்கள் பார்லி விளைவித்தால், அதை வாங்க ஆள் வேண்டும். அதுவரை அந்தப் பார்லி மலைமறைவில் கள்ளச் சாராயம் காய்ச்சுபவர்களிடம்தான் போய்க்கொண்டிருந்தது. ஜமீனே சட்டப்படி ஒரு வடிசாலை வைத்தால் பார்லிக்கும் சந்தை ஆயிற்று, நிலவாடகைப் பணமும் ஒழுங்காக வரும், கள்ளச் சாராயமும் ஒழியும் என்பது ஜமீனின் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் லாக் போன்றவர்களின் கணக்கு. அடுப்புக்கு ப்ரோராவிலேயே நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. (ஸ்காட்லாந்தின் மற்ற நிலக்கரியைவிட வயதில் இளையது ப்ரோரா கரி. டைனோசர் காலமான ஜுராசிக் யுகத்தைச் சேர்ந்தது, தரத்தில் கொஞ்சம் மட்டம்.) வடித்து மீந்த சக்கையைப் பன்றிக்குப் போடுவது, பன்றி எருவைத் தரிசு நிலத்துக்குப் போடுவது என்று எல்லாம் ஒன்றோடொன்று கோத்த திட்டம். முதல் உரிமம் ஜேம்ஸ் ஹார்ப்பர் என்பவர் பெயரில் எடுக்கப்பட்டது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், விஸ்கி விளம்பரங்களில் மூடுபனியும் மானும் தெளிந்த ஓடையும்தான் வரும். அந்தப் பள்ளத்தாக்குகள் ஏன் அத்தனை வெறிச்சென்று இருக்கின்றன என்று யாரும் சொல்வதில்லை. இன்றும் ப்ரோராவுக்குத் தெற்கே கோல்ஸ்பி ஊருக்கு மேலே பென் வ்ராகி குன்றின் உச்சியில் அந்த முதல் கோமகனின் மாபெரும் சிலை நிற்கிறது. அதை இடித்துத் தள்ள வேண்டும் என்பவர்களும் அந்த ஊர்ப் பக்கத்திலேயே உண்டு. எனக்கு இந்த விஸ்கி மிகவும் பிடிக்கும். பிடிப்பதாலேயே இதையும் தெரிந்து வைத்துக்கொண்டு குடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதன்பின் வந்த நூறு வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1846-இல் இருந்து அரை நூற்றாண்டு ஜார்ஜ் லாசன் குடும்பம் நடத்தியது. அந்தக் காலத்திலேயே க்ளைன்லீஷுக்கு நல்ல பெயர். 1880-களில் பிரிட்டன் முழுவதும் வடிசாலை வடிசாலையாகச் சுற்றிய ஆல்ஃபிரட் பர்னார்ட், இங்கே தனி வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் சரக்கு அனுப்புகிறார்கள், வியாபாரிகள் கேட்டால் இல்லை என்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். 1896-இல் லீத் துறைமுகத்து ஐன்ஸ்லி நிறுவனத்துக்குக் கைமாறியது. 1925-க்குள் டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட், சுருக்கமாக டி.சி.எல். என்ற பெருநிறுவனத்தின் கைக்கு முழுதாக வந்துவிட்டது. 1930-களின் மந்தத்திலும், பிறகு உலகப் போரிலும் சில வருடங்கள் மூடிக்கிடந்தது.

1960-களில் நிலைமை தலைகீழ். கலவை விஸ்கிக்கு உலகம் முழுவதும் கிராக்கி. சிங்கிள் மால்ட் என்றால், ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துச் செம்பு வாலையில் (காய்ச்சி வடிக்கும் பெரிய பாத்திரம்) வடித்து, குறைந்தது மூன்று வருடம் ஓக் பீப்பாயில் ஊறவைத்தது. ஆனால் அன்றைக்கு அதை அப்படியே குடிப்பவர்கள் மிகக் குறைவு. பல ஆலைகளின் மால்ட்டையும் வேறு தானிய விஸ்கியையும் கலந்து செய்யும் ஜானி வாக்கர் வகையறாவுக்குப் போகும் கச்சாப் பொருள்தான் அது. டி.சி.எல். பழைய ஆலைக்குப் பக்கத்திலேயே ஆறு வாலைகளோடு புது ஆலை கட்டி 1967-68-இல் ஓட்டத் தொடங்கியது. பழைய ஆலையின் வாலைகள் என்ன வடிவமோ அதே வடிவத்தில் புதியவற்றையும் அடித்தார்கள். சாலையில் நின்று பார்த்தால் பெரிய கண்ணாடிச் சுவருக்குள் ஆறு செம்பு வாலைகளும் வரிசையாகத் தெரியும். வேலை முடிந்ததென்று 1968-இல் பழைய ஆலையைப் பூட்டினார்கள்.

பூட்டு அதிக நாள் தொங்கவில்லை. இங்கேதான் முதல் தற்செயல்.

கலவை விஸ்கிக்குப் புகை மணம் கொடுக்க மேற்கே ஐலா தீவின் மால்ட் வேண்டும். முளைத்த பார்லியைக் காயவைக்கும்போது பீட் என்ற சதுப்புநிலக் கட்டியைக் கொளுத்தி அதன் புகையில் காட்டுவார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, வடித்த பிறகும் விஸ்கியில் நிற்கும். ஐலாவில் அப்போது தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அதற்கு மேல், அங்கே டி.சி.எல்.-க்கு இருந்த கவுல் ஈலா ஆலையை 1972-இல் இடித்துக் கட்டத் தொடங்கினார்கள், 1974 வரை உற்பத்தி இல்லை. புகை மால்ட்டுக்கு எங்கே போவது? பூட்டிக் கிடந்த பழைய க்ளைன்லீஷைத் திறந்தார்கள். 1969 முதல் 1973 வரை அந்த இரண்டு பழைய வாலைகளில் நன்றாகப் பீட் புகை ஏற்றிய பார்லியை வடித்தார்கள். வடக்குக் கரையில் ஐலா பாணிச் சரக்கு! யாரும் அதைத் தனியாகப் பாட்டிலில் அடைக்க நினைக்கவில்லை, ஜானி வாக்கரில் கரைந்து போக வேண்டிய சரக்கு அது. அதில் பீப்பாயில் தப்பி நின்றவைதான், முக்கியமாக 1972-இல் வடித்தவைதான், இன்றைக்கு ஏலத்தில் ஆட்கள் அடித்துக்கொள்ளும் ப்ரோரா. கவுல் ஈலா திரும்பி வந்ததும் பீட்டைக் குறைத்துவிட்டார்கள், இடையிடையே மட்டும் புகைச் சரக்கு வடித்தார்கள்.

சுவையைச் சொல்லச் சொன்னால் நான் சொல்வது: புகை இருக்கும், ஆனால் ஐலா விஸ்கி போல மருந்துக்கடை வாடை அல்ல. வைக்கோல் போட்ட மாட்டுத் தொழுவத்தில் காலையில் நுழைந்தால் ஒரு சூடான வாசனை வருமே, அது. அதற்கு அடியில் தேன், ஆரஞ்சுத் தோல், கடைசியில் நாக்கில் படியும் மெழுகு.

அந்த மெழுகுதான் இரண்டாவது தற்செயல். ப்ரோராவுக்கும் க்ளைன்லீஷுக்கும் பொதுவான குணம் அது. வாலையில் இரண்டு முறை வடிப்பார்கள். முதல் வடிப்பில் வருவதும், இரண்டாம் வடிப்பின் தலையும் வாலும் (முதலில் வரும் காட்டமான பகுதி, கடைசியில் வரும் நீர்த்த பகுதி) தொட்டிகளில் போய்ச் சேரும். அடுத்த தடவை மறுபடி வாலைக்கு ஏறும். க்ளைன்லீஷில் இந்தத் தொட்டிகளின் உட்சுவரில் வருடம் முழுக்க எண்ணெய்ப் பசை போல ஒரு கரும்படலம் படிந்துகொண்டே வரும். பார்ப்பவர்கள் அழுக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு சமயம் பராமரிப்பில் தொட்டியைப் பளபளவென்று துலக்கி விட்டார்கள். பிறகு வடித்த சரக்கில் மெழுகு காணாமல் போயிருந்தது. மறுபடி படலம் படிந்த பிறகுதான் மெழுகும் திரும்பி வந்தது. பல வருடம் பழகிய இரும்புத் தோசைக்கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டால் அடுத்த தோசை எப்படி வரும் என்று தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இப்போது அந்தப் படலத்தைப் பொக்கிஷம் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். வாயில் எண்ணெய் போல வழவழப்பாக நிற்கும் அந்தக் குணம் கலவைக்காரர்களுக்கு மிகவும் தேவை. ஜானி வாக்கர் கோல்ட் லேபிளின் முதுகெலும்பே க்ளைன்லீஷ்தான்.

சரி, 1983-க்கு வருவோம். விஸ்கி வியாபாரத்தில் இன்று அடுப்பில் ஏற்றுவது பத்து வருடம் கழித்துத்தான் பந்திக்கு வரும். 1970-களின் தொடக்கத்தில் கிராக்கி ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி எல்லோரும் வடித்துத் தள்ளினார்கள். அப்புறம் எண்ணெய் விலை நெருக்கடி, பொருளாதார மந்தம். இளைஞர்கள் வோட்கா பக்கம் போய்விட்டார்கள். கிடங்குகளில் பீப்பாய்கள் தேங்கின. அந்தத் தேக்கத்துக்கு 'விஸ்கி ஏரி' என்றே பெயர். டி.சி.எல். ஒரே வருடத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஆலைகளை மூடியது. போர்ட் எல்லன், டல்லஸ் டூ, செயின்ட் மேக்டலீன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பக்கத்தில் ஆறு வாலைகளோடு புது க்ளைன்லீஷ் இருக்கும்போது இரண்டு வாலை ப்ரோரா எதற்கு என்று அதையும் மூடினார்கள். கசப்பாக இருந்தாலும், கம்பெனிக் கணக்கில் அது நியாயமான முடிவுதான்.

மூடியவற்றில் பலவற்றை இடித்துவிட்டார்கள். ப்ரோராவை இடிக்கவில்லை. கல் கட்டடம் அப்படியே நின்றது, செம்பு வாலைகள் இரண்டும் உள்ளேயே இருந்தன, கிடங்குகளில் க்ளைன்லீஷ் பீப்பாய்களை அடுக்கினார்கள். டி.சி.எல்.-ஐ 1986-இல் பீர் நிறுவனமான கின்னஸ் வாங்கியது. 1997-இல் கின்னஸும் கிராண்ட் மெட்ரோபாலிட்டன் என்ற நிறுவனமும் இணைந்து டியாஜியோ என்ற நிறுவனம் ஆனது. 1995-இல் அரிய மால்ட் வரிசையில் 1972-ஆம் வருடத்து ப்ரோராவை முதல் முறையாகப் பாட்டிலில் போட்டார்கள். குடித்தவர்கள் அசந்து போனார்கள். 2002 முதல் 2017 வரை வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டார்கள்.

இப்போது விலைக்கான காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பீப்பாயில் இருக்கும் விஸ்கி ஸ்காட்லாந்தின் குளிரிலும் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும். 1983-இல் இருந்து 2021 வரை புதிதாக வடிக்க ஆலையே இல்லை. ஒவ்வொரு பாட்டில் திறக்கும்போதும் உலகத்தில் ஒன்று குறைகிறது. நல்ல சரக்கு என்பது பாதிக் காரணம்தான், அந்தப் பழைய சரக்கு இனி வராது என்பது மறுபாதி. அது ஓடிக்கொண்டே இருந்திருந்தால் இந்த விலை வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். 2021-இல் 1972, 1977, 1982 வருடத்துச் சரக்கு மூன்றையும் ஒரு பெட்டியில் வைத்து 300 பெட்டி மட்டும் விற்றார்கள், பெட்டி 30,000 பவுண்டு.

மறுபடி திறந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 2017 அக்டோபரில் டியாஜியோ, போர்ட் எல்லனையும் ப்ரோராவையும் சேர்த்து 35 மில்லியன் பவுண்டு செலவில் உயிர்ப்பிக்கப் போவதாக அறிவித்தது. இரண்டு வாலைகளையும் லாரியில் ஏற்றி தெற்கே ஆலோவா ஊரில் இருக்கும் செம்புப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கையாலேயே செப்பனிட்டார்கள். வாலைக்கூடத்தின் சுவர் தாங்காது என்று தெரிந்ததும் கல் கல்லாகப் பிரித்து, அதே கற்களை வைத்துத் திரும்பக் கட்டினார்கள். வடித்த ஆவியைக் குளிரவைக்கப் புதுக் கருவி வைக்காமல், குளிர்ந்த நீர்த் தொட்டிக்குள் செம்புக் குழாய் பாம்பு போல் சுருண்டு இறங்கும் பழைய முறையையே வைத்தார்கள். பழைய பதிவேடுகளைத் தோண்டி எடுத்து, மிச்சமிருந்த சரக்கைச் சுவைத்துப் பார்த்து, 1980-களின் தொடக்கத்தில் வந்த அந்த மெழுகுச் சுவையைக் குறியாக வைத்து வேலை செய்தார்கள்.

புது ஆலைக்குத் தலைவராக வந்த ஸ்டூவர்ட் போமன் அந்த ஊர்க்காரர். அவருடைய அப்பாதான் 1983-இல் ப்ரோராவின் கடைசி ஆயத்தீர்வை (மதுவரி) அதிகாரி. ஆலை நின்ற அன்று அவர் பதிவேட்டில் ஒரு வரி எழுதினார்: ப்ரோரா வடிசாலையின் ஓய்வுக் காலம் தொடங்குகிறது, எத்தனை நாள் என்று முடிவாகவில்லை. வடிசாலைகளில் வருடத்துக்குச் சில வாரம் அடுப்பை அணைத்துப் பழுது பார்ப்பதற்கு ஓய்வுக் காலம் என்று பெயர். மூடப்பட்டது என்று எழுத அவருக்குக் கை வரவில்லை போலும். அந்த ஓய்வுக் காலம் 38 வருடம் நீண்டது. 2021 மே மாதம் புதிய ப்ரோராவின் முதல் பீப்பாயை நிரப்பியபோது மகன் அங்கே நின்றிருந்தார். ஆலை வருடத்துக்கு 8 லட்சம் லிட்டர் வடிக்கக்கூடியது. இந்தத் துறையில் அது சின்ன அளவுதான்.

கடைசியாக, குடித்துப் பார்க்க வழி. பழைய ப்ரோராவை நான் சேமிப்புப் பணத்தில் வாங்கச் சொல்ல மாட்டேன். நல்ல விஸ்கி பாரில் ஒரு சின்ன அளவு கிடைத்தால், அதுவும் செலவுதான் என்றாலும், ஒரு முறை சுவைக்கலாம். அதற்கு முன்னால் க்ளைன்லீஷ் 14 வருடம் ஒரு பாட்டில் வாங்குங்கள், 46 சதவீதம், பெரிய ஊர்க் கடைகளிலும் விமான நிலையங்களிலும் தேடினால் கிடைக்கும். புகை அதிகம் இருக்காது, ஆனால் ப்ரோராவின் மெழுகு அதில் இருக்கிறது. கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, பனிக்கட்டி போடாமல், நாலைந்து சொட்டு தண்ணீர் மட்டும் விட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, ஆல்கஹால் பறந்த பிறகு முகர்ந்து பாருங்கள். ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை வரும், கூடவே எலுமிச்சைத் தோல். தொட்டிச் சுவரில் படிந்திருந்த அந்தக் கரும்படலத்தின் மணம்தான் அது.